ஆமா, அப்புறம்

கணியம்பாடி தாண்டி அமிர்தி போகிற பாதையில்
வனத்துறையின் பழைய கூடம்.
மே மாதம். மின்விசிறி இரண்டில் ஒன்று
சுற்றுவதாகப் பாவனை செய்தது.
பதினோரு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு
வட்டமாக நின்றோம்,
யார் பக்கத்தில் யார் நிற்கக்கூடாது என்பதில் மட்டும்
ஒற்றுமையாக.

தேசிங்குக்கும் எனக்கும் பேச்சு நின்று நான்கு மாதம்.
குடியாத்தம் பள்ளியில் என் நாற்பது நிமிடத்தில்
முப்பதை அவர் பாம்புகள் விழுங்கிவிட்டன.
குர்ஷித்துக்கு யாரோடும் பகையில்லை,
அதாவது யாரோடும் பேச்சில்லை.
மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று
இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு வருவாள்.
முடிந்ததும் தூக்கிக்கொண்டு போவாள்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஞானசெல்வம்,
காட்பாடியில் தெருநாடகம் போடுகிறவர்.
முதலில் கண்ணாடி ஆட்டம்.
எதிரில் நிற்பவர் செய்வதையே செய்ய வேண்டும்.
என் எதிரில் தேசிங்கு.
மூக்கைச் சொறிந்தார். சொறிந்தேன்.
வாட்சைப் பார்த்தார். வாட்ச் இல்லாத கையைப் பார்த்தேன்.
சிரிப்பை அடக்கினார்.
அதை மட்டும் என்னால் அப்படியே செய்ய முடியவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு ஒரே விதி.
இல்லை என்று சொல்லக்கூடாது.
யார் என்ன சொன்னாலும்
ஆமா, அப்புறம்... என்று தொடங்கி
ஒன்று சேர்க்க வேண்டும்.
தலையில் கைவைத்தோம்.
கூடாது என்கிற சொல்லில் சோறு தின்கிறவர்கள் நாங்கள்.
எறியக்கூடாது, எரிக்கக்கூடாது, வெட்டக்கூடாது,
பார்த்தவுடன் கம்பைத் தேடக்கூடாது.
விதியிலேயே ஒரு கூடாது இருக்குதே, என்றார் முனிரத்தினம்.
ஆமா, அப்புறம்? என்றார் ஞானசெல்வம்.

நான் பாலாறு, என்று நடுவில் போய்ப் படுத்தாள் யோகேஸ்வரி.
ஆமா, அப்புறம் நான் உன் மேல கிரிக்கெட் ஆடுறேன்.
ஆமா, அப்புறம் நான் சீமைக்கருவேலம், பந்து எங்கிட்டதான் வரும்.
ஆமா, அப்புறம் நான் மணல், பாதி ராத்திரியில பெங்களூரு போயிட்டேன்.
படுத்திருந்த ஆறு வயிறு குலுங்கச் சிரித்தது.
பிறகு குர்ஷித்.
ஆமா, அப்புறம் நான் தோல் ஷாப்புல சுத்துற டிரம்.
எங்க அத்தா முப்பது வருஷமா என்னைத்தான் கழுவுறாரு.
அந்தத் தண்ணி உங்கிட்டதான் வருது, யோகா.

மின்விசிறி மட்டும் கேட்டது.
எத்தனை கூட்டத்தில் எத்தனை படம் போட்டிருக்கிறோம்,
நுரை, கருப்பு வாய்க்கால், கிணற்றில் மஞ்சள் தண்ணீர்,
இவள் கடைசி வரிசையில் வாளிகளோடு உட்கார்ந்திருக்க.
ஆட்டம் நிற்கக்கூடாது. யாராவது சேர்க்க வேண்டும்.
தேசிங்கு எழுந்து வாசலுக்குப் போனார்.
கோபம் என்று நினைத்தேன்.
தன் தோல் செருப்பைக் கையில் எடுத்துவந்து
ஆற்றின் காலடியில் வைத்தார்.
ஆமா, அப்புறம் நான் இது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை.
சாயங்காலம் வடைக்குச் சட்னி போதவில்லை என்று
சண்டைதான் வந்தது.

ஜூனில் பள்ளிகொண்டா. ஆறாம் வகுப்பு.
ஆறு என்றால் என்ன, கேட்டேன்.
லாரி போற எடம் சார், என்றாள் சம்பங்கி, இரண்டாவது பெஞ்ச்.
இல்... வரைக்கும் வந்துவிட்டது நாக்கு.
பின்னால் பாம்புச்சட்டைப் பெட்டியோடு காத்திருந்த தேசிங்கு
இருமினார்.
ஆமா, அப்புறம்?
ராத்திரியிலதான் சார் போவும்.
ஆமா, அப்புறம்?
எங்கப்பாதான் சார் ஓட்டுவாரு.

இதற்கு மேல் என்ன சேர்ப்பதென்று
ஞானசெல்வம் சொல்லித்தரவில்லை.
வகுப்பு முழுக்க என் வாயைப் பார்க்கிறது.
நான் தேசிங்கைப் பார்க்கிறேன். அவர் என்னை.
அவர் பெட்டியின் கொக்கியை மாட்டினார்.
குர்ஷித் வாளிகளை இறக்கிவைத்துவிட்டு
இரண்டாவது பெஞ்சுக்குப் போனாள்.
கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, என்றாள்.
எங்க அத்தாவும், என்று ஆரம்பித்தாள்.